விருந்துக்கு முன் ஒரு ஸ்கேன்

அத்தியாயம் 6

இலையில் மூன்றாவது முறையாகக் கறி வந்து விழுந்தபோது பொன்னுமணி கையை இழுத்துக்கொண்டாள். கறியில் குற்றமில்லை, வெள்ளாட்டுக்கறி, பூவாக வெந்திருந்தது. குற்றம் வாசனையில் இருந்தது. ராக்கையாவின் வீட்டில் கறியிலும் ஏலக்காய், பாயசத்திலும் ஏலக்காய், குடிக்கிற தண்ணீரிலும் ஏலக்காய். பின்கட்டு முழுக்க மூட்டை அடுக்கிய குடோன். போடியில் ஏலக்காய் மணக்காத தெரு கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் இவ்வளவு வாசனை எந்த நாற்றத்தை மூடுவதற்கு என்று கேட்டுக்கொள்வது அவளுடைய தொழில்.

மதுரையில் துப்பறியும் அலுவலகம் என்று போர்டு மாட்டுவதற்கு முன்னால் அவள் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் சாவுகளை விசாரித்தவள். செத்துப்போனதாகச் சொல்லப்பட்டவர்களை டீக்கடையில் வைத்து உயிரோடு பிடித்திருக்கிறாள். அதனால் யாராவது கண்ணீர் விட்டால் முதலில் கைக்குட்டை காய்ந்திருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

பக்கத்து இலையில் மொக்கையன் மும்முரமாக இருந்தான். ஜீப் ஓட்டுவதும் வாய் ஓட்டுவதும் அவன் வேலை. ஏண்டா இப்படி ரம்பம் போடுகிறாய் என்று கேட்டால், பேரே மொக்கையன், ஜோக்கு நல்லா வந்தா குலசாமிக்குக் கோவம் வரும் என்பான்.

எதிர் இலையில் இருந்தவள்தான் விருந்தின் நாயகி. நிவேதா, திருப்பூர்ப் பெண், வயது இருபத்து மூன்று. பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்த்த தம்பதி அவளை எடுத்து வளர்த்தார்கள். தேனியில் அரசாங்கத் தொட்டிலில் யாரோ போட்டுவிட்டுப் போன குழந்தை அவள். அந்த விஷயத்தை வளர்த்த அப்பா இறந்த பிறகுதான் அம்மா சொன்னாள். குழந்தையோடு வந்தது ஒரு சாக்குத் துண்டு மட்டும்; அதில் மயில் முத்திரை. நிவேதா அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினாள். அந்த வாரமே ராக்கையாவிடமிருந்து போன் வந்தது. மயில் மார்க் அவருடைய எஸ்டேட் மார்க்.

அவர் சொன்ன கதை இது. நிவேதா அவருடைய தம்பி சுருளியின் மகள். சுருளியும் அவன் மனைவியும் போடிமெட்டு ரோட்டில் ஜீப் உருண்டு செத்துப்போனார்கள். கைக்குழந்தையை எவளோ வேலைக்காரி பயந்துபோய்த் தொட்டிலில் போட்டுவிட்டாள். இத்தனை வருஷமாகத் தேடாத இடமில்லை.

கதையைக் கேட்டு நிவேதா அழுதாள். திருப்பூர் அம்மா அழவில்லை. பொன்னுமணிக்குப் போன் செய்தாள். ஒரு தடவை போய்ப் பாத்துச் சொல்லிருங்கம்மா, அவ மனசு ஒடைஞ்சா என்னால ஒட்டவைக்க முடியாது என்றாள். அப்படித்தான் பொன்னுமணி இந்த இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

ராக்கையா தன் மகளைக் கூப்பிட்டு நிவேதாவின் பக்கத்தில் நிறுத்தினார். கம்பத்தில் கட்டிக் கொடுத்த மகள். போதும்பொண்ணு என்று பெயர். விருந்துக்காகக் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். இருவருக்கும் ஒரே நெற்றி, ஒரே தாடைக் குழி. அண்ணன் தம்பி பிள்ளைகள் அச்சில் வார்த்ததுபோல் இருப்பதைப் பாருங்கள் என்று அவர் எல்லோரையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எனக்கு ஒரு பொண்ணு, ஒரு பையன், இப்போ இன்னொரு பொண்ணு என்றார்.

பொன்னுமணி பையனைப் பார்த்தாள். விஜயகுமார், இருபத்தொரு வயது, கடைசி இலையில் ஒடுங்கியிருந்தான். வைகாசி வெயிலில் எல்லோருக்கும் வேர்த்து ஊற்ற, அவன் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பித்தான் போட்டிருந்தான். முகம் சாம்பல் பூத்து உப்பியிருந்தது. எல்லோருக்கும் இளநீர் வந்தது, அவனுக்கு வரவில்லை. எல்லோருக்கும் பழம் வந்தது. அவன் இலையைத் தாண்டிப் போனது. அவனுடைய அம்மா வீரலட்சுமி ஒரு சின்ன டம்ளரில் ஒரு வாய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதை அவன் விழுங்காமல் வாயிலேயே வைத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

கொடுத்துவிட்டு வீரலட்சுமி அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். நிலைப்படியைத் தாண்டி அவள் மறுபடி வரவில்லை. நீங்களும் உட்காருங்க பெரியம்மா என்று நிவேதா கூப்பிட்டபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ராக்கையா நிவேதாவிடம் பேசிக்கொண்டே இருந்தார். எங்கே படித்தாய், என்ன வேலை பார்க்கிறாய் என்று ஒரு கேள்வியும் வரவில்லை.

"சின்ன வயசுல மஞ்சக்காமாலை எதுவும் வந்துச்சாத்தா? சுகரு, பிரசரு கெடையாதுல்ல?"

ஒண்ணுமில்ல பெரியப்பா என்று அவள் சிரித்தாள். அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு பொன்னுமணியின் பக்கம் குனிந்து, சந்தேகப்பட எதுவுமே இல்லை, போன வாரமே மதுரையில் டெஸ்ட் எடுத்தாயிற்று என்று குசுகுசுத்தாள்.

"என்ன டெஸ்டு?"

"சொந்தமான்னு பார்க்கிற டெஸ்டுக்கா. ரத்தம் எடுத்தாங்க, யூரின் எடுத்தாங்க, வயித்துல ஜெல்லு தடவி ஸ்கேன் பண்ணாங்க. எல்லாம் சரியா இருக்காம். நாளைக்கு மறுபடி மதுரைக்குப் போறோம். பெரிய ஆஸ்பத்திரி, நாலஞ்சு நாள் தங்கணுமாம்."

பொன்னுமணி இலையை மூடினாள். தன் பக்கமாக மூடாமல் எதிர்ப்பக்கமாக, இழவு வீட்டில் மூடுவதுபோல் மூடினாள். ராக்கையா அதைக் கவனித்தார்.

கை கழுவுகிற இடத்தில் அவள் நிவேதாவிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள். தான் திரும்பி வருகிற வரைக்கும் எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது, எந்த வண்டியிலும் ஏறக்கூடாது. நிவேதா முகத்தைச் சுளித்தாள். உங்களுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்தானா என்று கேட்டாள். பொன்னுமணி ஜீப்பில் ஏறிவிட்டாள்.

முந்தல் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் மொக்கையன் வாயைத் திறந்தான். நாலு வேளைக்குச் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டதாகவும், இப்படிச் சொந்தம் கிடைக்கும் என்றால் தானும் தொலைந்துபோகத் தயார் என்றும் சொன்னான்.

"டேய், சொந்தமான்னு பார்க்க என்ன வேணும்?"

"கன்னத்துக்குள்ள பஞ்சுக்குச்சிய விட்டு ஒரு தேய்ப்பு. எச்சில் போதும்க்கா. போன கேஸ்லகூட அதானே செஞ்சோம்."

"அப்போ வயித்த எதுக்கு ஸ்கேன் பண்ணாங்க?"

"சொந்தம் வயித்துக்குள்ள இருக்கான்னு பார்த்திருப்பாங்க."

"இருக்குடா. முதுகுப் பக்கமா, வலது ஒண்ணு, இடது ஒண்ணு."

மொக்கையன் கியரை மாற்ற மறந்தான். ஜீப் உறுமி நின்று, பிறகு உதறிக்கொண்டு கிளம்பியது. பொன்னுமணி எடுத்துச் சொன்னாள். இளநீரும் பழமும் கிட்னி போனவனுக்கு விஷம். தண்ணீரை வாயளவுதான் கொடுப்பார்கள். டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறி நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருக்கும், அதை மறைக்கத்தான் முழுக்கைச் சட்டை. மஞ்சள்காமாலை வந்ததா, சர்க்கரை இருக்கிறதா என்பதெல்லாம் பெரியப்பா கேட்கிற கேள்வி இல்லை. சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவன் கேட்கிற கேள்வி.

"த்தூ" என்று மொக்கையன் வெளியே துப்பினான். "நான் வேற மூணு தடவ கறி வாங்கித் தின்னேன்."

"எனக்கு இன்னொண்ணு ஒதைக்குது. அந்தப் புள்ள சொந்தத்துக்கு ஏங்கிப்போய்க் கெடக்கு. நேரா கேட்டிருந்தாலே சரின்னிருக்கும். மறைச்சு வைக்க இதுக்குக் கீழ வேற என்னவோ இருக்கு."

அதைத் தேடித்தான் மலை ஏறினார்கள். சுருளியையும் அவன் மனைவியையும் தெரிந்த ஒரே ஒரு வெளி ஆள் கிடைத்தால் போதும். ஆள் கிடைப்பதற்கு முன்னால் சுருளியே கிடைத்தான்.

மேலிருந்து எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் இறங்கி வந்தது. வழி விடுவதற்காக மொக்கையன் கொண்டை ஊசி வளைவில் ஒதுங்கி நின்றான். ஓரத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல். ஜீப் உருண்ட இடத்தில் வீட்டுக்காரர்கள் நட்டு வைப்பது வழக்கம். சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. கல்லின் நெற்றியில் மயில். மொக்கையன் இறங்கிப் போய்ப் பார்த்தான், கையால் தூசியைத் துடைத்தான், திரும்பி வந்தான்.

"அக்கா, இந்தச் சுருளி லேசுப்பட்ட ஆளு இல்ல. தொண்ணூத்தாறுல செத்திருக்காரு. நம்ம நிவேதா பொறந்தது ரெண்டாயிரத்து ரெண்டு. செத்து ஆறு வருசம் கழிச்சுப் புள்ள பெத்திருக்காரு."

கல்லில் சுருளியின் பெயர் மட்டும்தான் இருந்தது. மனைவி என்று ஒருத்தி செத்திருந்தால் அவளுக்கும் ஒரு வரி செதுக்கியிருப்பார்கள்.

போடிமெட்டில் மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த பேச்சி, கல்யாணம் ஆன புதிதிலிருந்து மயில் மார்க் எஸ்டேட்டில் காய் எடுத்தவள் என்று செக்போஸ்ட் ஆள் சொன்னார். அறுபது வயதிருக்கும். டீயை ஆற்றிக்கொண்டே பேசினாள். சுருளியா, அவர் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்தவர், பெண்டாட்டி ஏது, பிள்ளை ஏது என்றாள்.

அந்த வீட்டம்மா வீரலட்சுமியைத் தெரியுமா என்று பொன்னுமணி கேட்டாள். பேச்சி டீயை ஆற்றுவதை நிறுத்தினாள். பிறகு ராக்கையாவின் ஆட்கள் யாரும் இருக்கிறார்களா என்று ரோட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"பேறுகாலத்துக்குப் பொம்பள தாய்வீட்டுக்குப் போவா. இவுகளை மேல எஸ்டேட் பங்களாவுக்குக் கொண்டாந்து வைப்பாக மோளே. டாக்டர் கெடையாது, யாரும் கிட்ட போகப்படாது. வயித்தோட ஜீப்புல வருவாக. போகையில மடியில ஒண்ணும் இருக்காது. ஒருக்கா இல்ல."

செத்துப் பிறந்திருக்கும் என்று யாரும் நினைக்கவில்லையா என்று கேட்டதற்கு, அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள் என்றாள். ஆனால் அழுகைச் சத்தம் கூலி ஆட்கள் குடியிருக்கிற லயம் வரைக்கும் கேட்டதாம். செத்துப் பிறந்தது எப்படி அழும் என்று அவள் புருஷன் ஒருநாள் கேட்டான், மறுவாரமே அவர்களுக்கு வேலை இல்லாமல் போனது. பங்களாவுக்குப் பின்னால் ஒரு சரிவு இருக்கிறதாம். நல்ல மண், நல்ல நிழல், ஓடைத் தண்ணீரும் உண்டு. அந்த இடத்தில் மட்டும் ராக்கையா ஏலச்செடி வைக்க விடமாட்டாராம்.

பொன்னுமணி டீயைக் கீழே வைத்தாள். அதிலும் ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தது. இனி ஆயுசுக்கும் அந்த வாசனை தனக்கு ஆகாது என்று அவளுக்குத் தோன்றியது. மொக்கையன் தன் டீயைத் தொடாமல் போய் ஜீப்பைத் திருப்பி நிறுத்தினான்.

அந்த நேரம் நிவேதாவிடமிருந்து போன் வந்தது. குரல் விட்டு விட்டுக் கேட்டது. மதுரைக்கு நாளைக்கு வேண்டாம், இன்றைக்கே பொழுதோடு கிளம்பலாம் என்கிறாராம் பெரியப்பா. கார் வந்து நிற்கிறதாம். லைன் அறுந்தது.

"வெரசா எறக்குடா" என்றாள் பொன்னுமணி.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கார் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நிவேதா பையைத் தோளில் மாட்டியபடி நடுக்கூடத்தில் நின்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றி இன்னும் ஏறாமல் இருந்தாள், ஆனால் கோபமாக இருந்தாள். மொக்கையன் ஜீப்பைக் காருக்குக் குறுக்கே நிறுத்திவிட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

பொன்னுமணி நேராக விஜயகுமாரிடம் போனாள். அதட்டாமல், தம்பிக்குப் பேசுவதுபோல் கேட்டாள்.

"சட்டைக் கையை மடிச்சு விடுப்பா."

அவன் அப்பாவைப் பார்த்தான். பிறகு, ரொம்ப நாளாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன்போல், பித்தானைக் கழற்றி மடித்தான். முழங்கைக்குக் கீழே நரம்பு பாம்புபோல் சுருண்டு புடைத்திருந்தது. ஊசித் தழும்புகள் கறுத்திருந்தன. நிவேதாவின் தோளிலிருந்து பை நழுவிக் கீழே விழுந்தது.

வயிற்று ஸ்கேன் எதற்கு என்று பொன்னுமணி சொல்லி முடிக்கும் வரை ராக்கையா குறுக்கே பேசவில்லை. முடித்ததும் ஊஞ்சலில் போய் உட்கார்ந்தார். மாட்டிக்கொண்டவனின் வெட்கம் எதையும் பொன்னுமணி அந்த முகத்தில் பார்க்கவில்லை. பேரம் கொஞ்சம் முன்னதாக வந்துவிட்ட எரிச்சல் மட்டும் இருந்தது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பக்குவமாகச் சொல்லலாம் என்றிருந்தோம், ரெண்டில் ஒன்று கொடுத்தால் எந்தக் குறையும் வராது, எத்தனையோ பேர் கொடுத்துவிட்டு நன்றாக இருக்கிறார்கள் என்றார். அவள் இந்த வீட்டுப் பிள்ளை, அவளை ராணி மாதிரி வைத்துக்கொள்வோம் என்றார்.

உங்கள் மகள் போதும்பொண்ணு கொடுக்கலாமே என்று பொன்னுமணி கேட்டாள்.

"அது கட்டிக் குடுத்த புள்ள. வயித்துல தழும்போட இருந்தா சம்பந்தி வீட்ல என்ன பேசுவாக?"

"இந்தப் பொண்ணையும் நாளைக்கு ஒருத்தன் கட்டத்தானே போறான்?"

"இதுக்குக் கேக்க ஆரு இருக்கா?" என்றார் ராக்கையா, மூட்டைக்கு விலை சொல்கிறவர்போல.

நிவேதா ராக்கையாவின் முன்னால் வந்து நின்றாள். "கேட்டிருந்தா குடுத்திருப்பேன் பெரியப்பா. சத்தியமா குடுத்திருப்பேன். எதுக்குப் பொய் சொன்னீங்க?"

இனி சொல்லப்போவதைச் சொல்லாமல் இருக்க வழி இருக்கிறதா என்று பொன்னுமணி ஒரு கணம் யோசித்தாள். வழி இல்லை. விஜயகுமாரிடம் திரும்பி, லேபில் நிவேதாவை உனக்கு என்ன உறவு என்று சொன்னார்கள் என்று கேட்டாள்.

கூடப்பிறந்த அக்கா என்று சொல்லச் சொன்னார் அப்பா என்றான் அவன். சித்தப்பா மகள் என்றால் கமிட்டி அது இது என்று இழுத்தடிப்பார்களாம். அக்கா என்றால் லேசாக முடிந்துவிடுமாம்.

"ஆஸ்பத்திரிக்காரன் வாய்ச்சொல்லை நம்ப மாட்டான்" என்றாள் பொன்னுமணி. "அக்கா தம்பியான்னு அவனே சோதிச்சுப் பாப்பான். பொய்யின்னா அங்கயே பிடிபட்டுப் போகும். உங்கப்பா மலையில யாவாரம் பண்றவரு, மாட்டிக்கிற பொய்யைச் சொல்ல மாட்டாரு. அப்ப அவரு சொன்னதுலயே அது ஒண்ணுதான் நெசம்."

பொன்னுமணி சுருளியின் கல்லைப் பற்றிச் சொன்னாள். பிறகு, தொட்டிலாட்டிக்கொண்டிருந்த போதும்பொண்ணுவைப் பார்த்தாள்.

"உன் பேரைக் கேட்ட உடனேயே நான் யோசிச்சிருக்கணும்மா. பொட்டப்புள்ளையா வரிசையாப் பொறந்தா, போதும் சாமின்னு வைக்கிற பேரு அது. மூத்த புள்ளைக்கு எவனாவது போதும்னு பேரு வைப்பானா? உனக்கு முன்னாடி எத்தனை பேரு?"

போதும்பொண்ணுவின் கை தொட்டில் கயிற்றில் அப்படியே நின்றது. அவளுக்குத் தெரியாது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"ரெண்டு."

பதில் அடுப்படியிலிருந்து வந்தது. வீரலட்சுமி நிலைப்படியைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தாள். ராக்கையா உள்ளே போ என்றார். அவள் போகவில்லை.

"ரெண்டும் பங்களாவுக்குப் பின்னாடியே நின்னுபோச்சு. தொட்டில் வரைக்கும் போகல. மூணாவத, போதும்னு பேரு வச்சா அடுத்தது பையன்னு விட்டுவச்சாரு. நாலாவதா இந்த நிவேதா பொறந்தப்ப வேலைய முடிக்கிற பொறுப்ப எங்கிட்டயே குடுத்தாரு. முடிச்சுட்டேன்னு சொல்லிட்டு, சாக்குல சுத்தி, லோடு ஜீப்புல கீழ கொண்டுபோய்த் தொட்டில்ல போட்டேன். இருவத்து மூணு வருசமா இவருக்குத் தெரியாது. அந்த வீடியோவப் பாத்து நான் அழுதேன். எதுக்கு அழுகிறேன்னு கேட்டாரு. நான் அழுதிருக்கக் கூடாது."

நிவேதா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். தாடைக் குழி, நெற்றி எல்லாம் அங்கே இருந்தன. மத்தியானம் பெரியம்மா என்று கூப்பிட்டபோது அந்த முகம் ஏன் சுவர்ப்பக்கம் திரும்பியது என்று அவளுக்கு இப்போது புரிந்திருக்க வேண்டும். திருப்பூரில் இருந்த நாளெல்லாம் என்னென்னவோ கேட்க வேண்டும் என்று வைத்திருந்தாளாம், பொன்னுமணியிடம் சொல்லியிருக்கிறாள். வாயில் வந்தது ஒன்றுதான்.

"எனக்கு என்ன பேரு வச்சிருந்தீங்க?"

"பேரு வைக்கல ஆத்தா. பேரு வச்சா கையை விட்டு எறக்கி வைக்க முடியாது."

ராக்கையா ஊஞ்சலை நிறுத்தினார். நடந்தது நடந்துபோச்சு, அந்தக் காலத்தில் ஊரில் நடக்காததா என்றார். பிறகு நிவேதாவிடம், உனக்கு உசுரு குடுத்த வீடு இது, அதுக்காவது ஒரு நன்றி வேண்டாமா என்று கேட்டார். கேட்கும்போது குரலில் உண்மையாகவே ஒரு மனத்தாங்கல் இருந்தது. பொன்னுமணி எத்தனையோ திருடர்களையும் கொலைகாரர்களையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசியிருக்கிறாள். இவர் உட்கார்ந்திருக்கிற கூடத்தில் மூச்சு விடுவதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"நீங்க உசுரு குடுக்கல" என்றாள் நிவேதா. "எடுக்கத் தவறிட்டீங்க. அவ்வளவுதான்."

அவள் விஜயகுமாரின் அருகில் போனாள். அவன் தலையை நிமிர்த்தாமல், நீங்க போயிருங்கக்கா, எனக்கு இதெல்லாம் தெரியாது என்றான். அவள் அவனுடைய புடைத்த நரம்பின்மேல் விரலை வைத்தாள். உள்ளே வண்டு பறப்பதுபோல் ரத்தம் அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் கண் கலங்குவதைப் பார்த்த பொன்னுமணிக்குப் பகீரென்றது. இந்தப் பெண் இப்போதும் கொடுத்துவிடுவாள்.

வீரலட்சுமிக்கும் அதே பயம் வந்திருக்க வேண்டும்.

"குடுத்துராத. இந்த வீட்டுக்கு எதையும் குடுத்துராத. அவனுக்கு என்னோடது பொருந்தல, இவரோடதே பொருந்தும்னு டாக்டர் போன வருசமே சொல்லிட்டாரு. ஒடம்பு கல்லு மாதிரி இருக்கு, தாராளமாக் குடுக்கலாம்னாரு. இவருதான், மகங்கிட்டப் பொருந்தலன்னு சொல்லிருன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கினாரு."

விஜயகுமார் தலையை நிமிர்த்தினான். "அப்பா?" என்றான்.

மலைக்கும் கீழுக்கும் அலைகிற உடம்பு, யாவாரத்தை யார் பார்ப்பது, எனக்கு ஒன்று ஆகிவிட்டால் குடும்பமே நடுத்தெருவில் நிற்கும் என்று ராக்கையா அடுக்கிக்கொண்டே போனார். மகன் காதில் வாங்கவில்லை. எந்தப் பையனுக்காக இந்த வீட்டில் பெண்களைப் புதைத்தார்களோ அந்தப் பையன், அப்பாவின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். ராக்கையா தன்னை அறியாமல் துண்டை இழுத்து வயிற்றை மூடினார்.

மொக்கையன் கீழே கிடந்த நிவேதாவின் பையை எடுத்துக்கொண்டான். தெருவுக்கு வந்ததும் அவள் சாக்கடை ஓரம் குனிந்து மத்தியானம் தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தாள். பொன்னுமணி முதுகைத் தடவிக் கொடுத்தாள். மொக்கையன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான். முகத்தைக் கழுவிக்கொண்டு அவள் திருப்பூருக்குப் போன் செய்தாள். கிளம்பிட்டேம்மா என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கம் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். அம்மா, அம்மா என்று இரண்டு தடவை காரணமில்லாமல் கூப்பிட்டுவிட்டு வைத்தாள்.

ஜீப்பின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மொக்கையன் சாவியைத் திருகும்போது வீட்டு வாசலில் சத்தம் கேட்டது. ராக்கையா கத்திக்கொண்டிருந்தார். வீரலட்சுமி செருப்புகூடப் போடாமல் படி இறங்கி, தெருவில் வேடிக்கை பார்த்தவர்களை விலக்கிக்கொண்டு வந்து, ஜீப்பின் பின்பக்கக் கம்பியைப் பிடித்தாள். மூச்சு வாங்கியது.

"எங்க போகணும்மா?" என்று பொன்னுமணி கேட்டாள்.

"போலீஸ் டேசனுக்கு. அந்த எடத்தைக் காட்ட என்னைய விட்டா ஆளு கெடையாது."

போனால் உங்களையும் சேர்த்துத்தான் பிடிப்பார்கள் என்று பொன்னுமணி சொன்னாள். சொல்ல வேண்டியது அவள் கடமை. தெரியும் என்று வீரலட்சுமி தலையசைத்தாள். அவள் நிவேதாவைப் பார்க்கவில்லை. ஏறலாமா என்று கேட்கவும் இல்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

நிவேதா அவளைத் தொடவில்லை. மடியிலிருந்த பையை அந்தப் பக்கம் எடுத்து வைத்துவிட்டு, நகர்ந்து இடம் விட்டாள்.